கையெழுத்துப் போட்டாச்சு, இனி எதுவும் கேட்க முடியாதா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 66 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால்மரம் சீவியவர், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப்பழம் பொறுக்கியவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், ராத்திரியில் தூக்கமில்லாமல், கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன்னால் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முட்டியை மாற்றினார்கள். முப்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் கட்டினார். நிபுணர் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினார், அண்ணன் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். சம்மதப் படிவம் வந்தது ஆப்பரேஷன் அன்று காலையில். மிஸ்ஸி (தாதி) காட்டிய இடத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வலி பாதியாகக் குறைந்திருக்கிறது, போகவில்லை. சாயங்காலம் முட்டி சூடாகி வீங்குகிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போய் இருக்கிறது. நடந்தால் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. தரையில் உட்காரவே முடியவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, அம்மாவை மட்டும் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். அடுத்த மாதம் இடது முட்டிக்குத் தேதி, முன்பணமும் கட்டியாகிவிட்டது. அம்மா "வேணாம்" என்கிறார், அண்ணன் "பாதியில விட முடியாது" என்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று. டாக்டர் எங்களை ஏமாற்றிவிட்டாரா? கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி எதுவும் கேட்க முடியாதா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் கிடக்கிறது. அண்ணன் என்ன சொன்னார், அண்ணி என்ன சொன்னார், பக்கத்து வீட்டு அத்தை யூடியூப்பில் என்ன பார்த்தார், நீங்கள் தூங்காமல் என்னவெல்லாம் யோசித்தீர்கள் என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னதாக இருப்பது இரண்டே வரி. ஒன்று அந்த "வேணாம்". இன்னொன்று, ஆப்பரேஷனுக்கு முன்னால் அவர் சொன்னதாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பது: "கோயில்ல எல்லாரோடயும் கீழ உக்காரணும், வீட்டுப் பின்னால நாலு கீரை நடணும், அது போதும் எனக்கு."

அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தரையில் உட்காருவதும் குந்தி வேலை செய்வதும்தான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது, முட்டி மாற்று அறுவை சிகிச்சை பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்காததும் அவை இரண்டும்தான். வலி குறையும், நடக்கும் தூரம் கூடும், ராத்திரி தூக்கம் வரும், வளைந்த கால் நிமிரும். இவை உண்மையான நன்மைகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செயற்கை முட்டி பொதுவாக 110 அல்லது 120 டிகிரி வரைதான் மடங்கும். சம்மணம் போடவும் குந்தவும் அதற்கு மேல் நன்றாக மடங்கியாக வேண்டும், அப்படி மடங்கினாலும்கூட பல நிபுணர்கள் தரையில் உட்கார வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இதை யாராவது அம்மாவிடம் தமிழில், பொறுமையாக, முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் என்ன முடிவெடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 'பரவாயில்ல, ராத்திரி தூக்கம் வந்தா போதும்' என்றே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நாற்காலியும் அவர் தெரிந்து ஏற்றுக்கொண்ட நாற்காலியாக இருந்திருக்கும்.

ஆகவே அம்மாவைச் சம்மதிக்க வைக்க என்னிடம் வழி கேட்காதீர்கள். இந்தத் தடவையாவது அவருக்கு முழு விவரமும் போய்ச் சேர வேண்டும், பிறகு அவர் முடிவு எதுவானாலும் நீங்களும் அண்ணனும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வயதுவந்த, சுயநினைவோடு, சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு என்ன சிகிச்சை என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருக்கு மட்டும்தான். பணம் கட்டியவருக்கும் கிடையாது, மூத்த பிள்ளைக்கும் கிடையாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், அவரால் பேச முடியாத நிலையில், டாக்டர்கள் காத்திருக்காமல் சிகிச்சை செய்யலாம். முட்டித் தேய்மானம் அப்படிப்பட்ட அவசரம் இல்லை.

கையெழுத்தும் சம்மதமும்

நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு நினைப்பு இருக்கிறது, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆஸ்பத்திரி என்ன செய்தாலும் நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று. அது தவறு. படிவம் என்பது ஒரு பேச்சு நடந்தது என்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். என்ன நோய், என்ன செய்யப் போகிறார்கள், என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, கேள்வி கேட்க நேரமும் கொடுத்து, அதற்குப் பிறகு அவர் 'சரி' என்பதுதான் சம்மதம். அந்தப் பேச்சே நடக்கவில்லை என்றால் கையெழுத்து மட்டும் ஒரு டாக்டரைக் காப்பாற்றாது.

இதில் நம் நாட்டுச் சட்டம் நோயாளிக்கு நல்ல துணையாகவே இருக்கிறது. ஃபூ ஃபியோ நா என்ற பெண் 1982-இல் ஒரு கார் விபத்தில் கழுத்து முள்ளெலும்பு விலகி, அதற்குச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் செயலிழந்து போனார். அவருடைய வழக்கு நாட்டின் உச்சமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2006 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு டாக்டர் நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மற்ற டாக்டர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்கிறார்கள் என்பதை வைத்தே அளந்தார்கள், 1957-இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கின் அளவுகோல் அது. 2006 தீர்ப்பு அதை மாற்றியது. இந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாக நினைப்பாரோ, அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு 2017-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை செய்வதும் சரியா என்பதைப் பொறுப்பான மற்ற டாக்டர்களின் நடைமுறையை வைத்துப் பார்ப்பார்கள், ஆபத்தை எடுத்துச் சொல்வதை மட்டும் நோயாளியின் பக்கம் நின்று பார்ப்பார்கள்.

இந்த அளவுகோல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அந்த வழக்கை நீங்கள் அண்ணனுக்கும் சொல்லலாம். விட்டேக்கர் என்ற பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்தே வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு, இடது கண் நல்ல கண். வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்யலாம் என்றார் ரோஜர்ஸ் என்ற டாக்டர். அந்தப் பெண்மணி, நல்ல கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்ற கவலையில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 14,000 பேரில் ஒருவருக்கு நல்ல கண்ணும் பாதிக்கப்படக்கூடிய ஆபத்து இருந்தது, டாக்டர் அதைச் சொல்லவில்லை, அந்த ஒருவராக அவர் ஆகிப்போனார். 1992-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், எண்ணிக்கை சிறியது என்பதால் சொல்லாமல் விட முடியாது, இவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது டாக்டருக்குத் தெரிந்தே இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது.

உங்கள் அம்மாவுக்கு இதை வைத்துப் பார்ப்போம். தரையில் உட்கார முடியாது என்பது ஆபத்துப் பட்டியலில் கடைசியில் வருகிற, பல டாக்டர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்காத விஷயம். அம்மாவுக்கோ அதுதான் முதல் விஷயம். டாக்டருக்கு அது தெரியுமா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் யாரும் அவரிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. அம்மா தமிழில் உங்களிடம் சொன்னார், அது மலாயாகவோ ஆங்கிலமாகவோ மாறி டாக்டரின் காதுக்குப் போகவே இல்லை. அதற்காக டாக்டரை முழுசாக விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. மலாய்க்காரர் தொழுகைக்கு மண்டியிடுகிற, நாம் கோயில் தரையில் உட்காருகிற, கம்பத்திலும் (கிராமத்திலும்) தோட்டத்திலும் குந்துகிற கழிவறை இன்னும் இருக்கிற நாடு இது. இங்கே முட்டி ஆப்பரேஷன் செய்கிறவர் 'கீழே உட்காருவீர்களா?' என்று தானாகவே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பரேஷன் அன்று காலை படிவம் நீட்டியதும் நல்ல பழக்கம் இல்லை. சோறு தண்ணீர் இல்லாமல், ஆஸ்பத்திரி உடுப்பில், தள்ளுகட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் 'ஒரு நிமிஷம், இதைப் படித்துக் காட்டுங்கள்' என்று எப்படிக் கேட்பார்? பேச்சு சில நாட்களுக்கு முன்பே கிளினிக்கில் விரிவாக நடந்து, அன்று கையெழுத்து மட்டும் வாங்கினார்கள் என்றால் அது வேறு. அதுவும் இல்லையென்றால் குறைதான்.

அண்ணன் சொல்லாமல் விட்டது

இது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். டாக்டர் பத்து நிமிஷம் பேசினார், அண்ணன் அம்மாவிடம் சொன்னது "நல்லா நடக்கலாம்மா, ஒண்ணும் பயமில்ல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் இவ்வளவுதானா என்று கேட்டதற்கு "எல்லாத்தையும் சொன்னா அம்மா பயந்துரும்" என்றாராம். அந்தப் பத்து நிமிஷத்தில் வீக்கம், மரத்துப்போதல், கிருமித்தொற்று, உட்காருவது எல்லாமே வந்திருக்கலாம். டாக்டர் ஏமாற்றினார் என்று முடிவுகட்டும் முன் அண்ணனிடம் சண்டை போடாமல் கேளுங்கள், அன்றைக்கு அவர் என்னவெல்லாம் சொன்னார் என்று.

அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் வீடுகளில் பாசம் என்றாலே இப்படித்தான், கெட்ட செய்தியைப் பெரியவர்களிடமிருந்து மறைப்பது. அம்மாவின் தலைமுறையும் அதற்குப் பழகியது. தோட்டத்தில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், கொடுத்த மருந்தை ஏன் எதற்கு என்று கேட்டவர்கள் அபூர்வம். தோட்ட மேலாளரான துரை சொன்னால் சரி, கணக்கரான கிராணி எழுதினால் சரி, டிரசர் கொடுத்தால் சரி என்று ஒரு வாழ்நாளே ஓடியிருக்கிறது. அப்படி வளர்ந்தவர் தனியார் மருத்துவமனையில் குளிர்சாதன அறையில் ஒரு நிபுணரைப் பார்த்துக் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கிறவர் எதையும் வடிகட்டாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பயந்தால் பயப்படட்டும், பயந்த பிறகு யோசிப்பார். மரம் சீவி உங்களையெல்லாம் ஆளாக்கியவருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது.

அடுத்த தடவை வேறு ஆளை வையுங்கள். மருத்துவமனையில் தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ பணியாளரோ இருந்தால் அவரைக் கேளுங்கள், குடும்பத்தைச் சேராதவர் என்பதே ஒரு நன்மை. பல சம்மதப் படிவங்களில் மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட தனி இடமே இருக்கும். டாக்டர் பேசி முடித்ததும் அம்மாவிடம் 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். 'டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க சொல்லுங்கம்மா' என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் அவருக்குப் புரிந்தது.

முதலில் வலது முட்டியைக் காட்டுங்கள்

சட்டம் இருக்கட்டும், இது அதைவிட அவசரம். நீங்கள் சொன்னவற்றில் சில எதிர்பார்க்கக்கூடியவை. தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது மிகச் சாதாரணம், தோலுக்குப் போகும் ஒரு சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது, பலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே இருக்கும். சத்தம், உள்ளே உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று தட்டுவது, வலி இல்லாத வரை பயப்பட வேண்டாம். சூடும் வீக்கமும் ஆறு மாதம் வரை இருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும். முன்னேற்றமே ஒரு வருடம் வரை மெதுவாக நடக்கும். இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், இதைத்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் முட்டி மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வலியோ ஏமாற்றமோ மிச்சமிருப்பதாகச் சொல்கிறார்கள். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற அளவு இது. ஆகவே பலன் சரியில்லை என்பதை மட்டும் வைத்து டாக்டர் தப்புச் செய்தார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஏழாவது மாதத்தில், இனிப்பு நீர் உள்ளவருக்கு, தினமும் சூடாகி வீங்குகிறது என்றால் 'இப்படித்தான் இருக்கும்' என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது. முட்டி மாற்றியவர்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு உள்ளே கிருமித்தொற்று வரலாம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அது சில சமயம் காய்ச்சல் இல்லாமல் மந்தமாகவே இருக்கும். மறுபடி அந்த நிபுணரிடமே போங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பரிசோதனை செய்ய வேண்டும், சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கிருந்து வரும் வலி முட்டியில் தெரிவதுண்டு. எவ்வளவு மடங்குகிறது, தொடைத் தசையில் பலம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பிசியோவுக்கு எத்தனை தடவை போனார் என்று நீங்கள் எழுதவில்லை. ஈப்போ வரை ஆள் கூட்டிப்போக முடியாமல் பாதியில் நிறுத்தியிருந்தால் அதுவே பெரிய காரணமாக இருக்கலாம், இப்போதும் பயிற்சியால் பலன் உண்டு.

காய்ச்சல், தழும்பில் நீர் அல்லது சீழ், திடீரென்று கூடும் வலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புகார், வழக்கு

கையெழுத்துப் போட்ட பிறகும் சட்டப்படி போகலாமா என்பதும் உங்கள் இரண்டாவது கேள்விக்குள் அடங்கும். போக முடியும், ஆனால் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். முக்கியமான ஆபத்தை அம்மாவிடம் சொல்லவில்லை என்பது ஒன்று. சொல்லியிருந்தால் அம்மா அந்த ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார் என்பது இன்னொன்று. ராத்திரி தூங்காமல் தவித்த ஒருவர் விஷயத்தில் இரண்டாவது எளிதல்ல, அதோடு முதல் கேள்விக்கு அண்ணனே சாட்சிக்கூண்டில் நிற்க வேண்டிவரும். வழக்கு போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசரப்பட்டு முகநூலில் டாக்டரின் பெயரைப் போட்டு எழுதுவதற்கு முன் (அண்ணி அப்படிச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்) முறையான வழியில் போங்கள்.

மருத்துவ அறிக்கையை எழுதிக் கேளுங்கள், கட்டணம் இருக்கும், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. அம்மா கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள், அதில் என்ன அச்சிட்டிருக்கிறது, யார் விளக்கியதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் நோயாளிகளின் குறையைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சு, டாக்டரின் நடத்தை பற்றியென்றால் மலேசிய மருத்துவ மன்றம். என் அனுபவத்தில் பல குடும்பங்களுக்கு வேண்டியது பணமே இல்லை, நேரில் உட்கார்ந்து 'இதுதான் நடந்தது' என்று ஒருவர் சொல்வதுதான். அது சில சமயம் முதல் கடிதத்திலேயே கிடைத்துவிடுகிறது.

வழக்குக்குக் கால வரம்பு உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவமனை மீது பொதுவாக ஆறு ஆண்டு, அரசு மருத்துவமனை என்றால் 36 மாதம்தான். உங்களுக்கு நேரம் இருக்கிறது. மருத்துவ வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை அறிக்கையோடு பாருங்கள்.

இடது முட்டி

முன்பணம் கட்டியதால் போயே ஆக வேண்டும் என்பது இல்லை. கொடுத்த சம்மதத்தை அம்மா எந்த நேரத்திலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆப்பரேஷன் அறையின் வாசலில்கூட. அதற்காக யாரும் அவரைத் திட்டவோ அடுத்த சிகிச்சையை மறுக்கவோ கூடாது. பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று மருத்துவமனையைக் கேளுங்கள், பயன்படுத்தாத முன்பணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள்.

அதேசமயம் 'வேணாம்' என்பதும் செலவில்லாத முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். வலது காலின் முன்னேற்றம் தடைப்படுவதற்கு இடது முட்டியும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஒரு கால் நிமிர்ந்து, இன்னொரு கால் வளைந்து வலியோடு இருந்தால் நடை சரியாக வராது, பாரம் எல்லாம் புதிய முட்டியில் விழும். நடை குறைந்தால் எடை கூடும், சர்க்கரை கூடும், விழுகிற பயமும் கூடும். இதையும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். பயமுறுத்துகிற குரலில் வேண்டாம், நல்லதைச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள்.

நடுவில் வழிகளும் உண்டு. தொடைத் தசைக்கு ஒழுங்கான பயிற்சி, கொஞ்சம் எடை குறைப்பு, வலது கையில் ஒரு ஊன்றுகோல் (வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும், நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்), வலிக்குப் பூசும் மருந்து. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம், சில மாதம் வலியைக் குறைக்கும். ஆனால் அது சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும், ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் ஆப்பரேஷன் செய்தால் கிருமித்தொற்று ஆபத்தும் கூடும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துத் திட்டமிடக் கூடாது.

அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு, அந்த எச்பிஏ1சி, கடைசியாக 9-க்கு மேல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த மாதத் தேதியைத் தள்ளிப்போட வேண்டும் என்பேன். 8-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் பல நிபுணர்கள் இப்படிப்பட்ட, அவசரமில்லாத ஆப்பரேஷனுக்குக் கத்தியை எடுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவதால் முட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்த இடைவெளியில் சர்க்கரையையும் பார்க்கலாம், வலது முட்டியையும் பரிசோதிக்கலாம், வீட்டில் பேசவும் நேரம் கிடைக்கும்.

வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எலும்பு நிபுணர் பிரிவு இருக்கிறது. சுங்கை சிப்புட் அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அங்கே நிபுணரைக் குறைந்த செலவில் பார்க்கலாம். காத்திருக்க வேண்டும்தான். பிறகு அம்மா ஆப்பரேஷனுக்கே சம்மதித்தாலும் அண்ணனின் சேமிப்பு இன்னொரு தடவை கரையத் தேவையில்லாமல் போகலாம். அரசு மருத்துவமனையில் செயற்கை மூட்டின் விலையைப் பெரும்பாலும் நோயாளிதான் கட்ட வேண்டும், கட்ட முடியாதவர்கள் அங்குள்ள மருத்துவ சமூகப்பணிப் பிரிவைப் பார்த்தால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி காட்டுவார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கேள்விகளை அம்மா முன்னாலேயே கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள்:

- இடது முட்டியை மாற்றினால் தரையில் உட்கார, குந்த முடியுமா? முடியாது என்றால் நேராகச் சொல்லுங்கள்.
- வலது முட்டியின் வலிக்குக் காரணம் என்ன, அதே வலி இடதிலும் மிஞ்சுமா?
- என் அம்மாவின் சர்க்கரையையும் வயதையும் வைத்துப் பார்த்தால் தொற்று, இரத்தக்கட்டி ஆபத்து எவ்வளவு?
- ஒரு வருடம் ஆப்பரேஷன் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் என்ன ஆகும்?
- படிவத்தை இன்றே கொடுக்க முடியுமா, வீட்டில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

முதல் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் அம்மாவிடம் இன்னொன்றும் பேசுங்கள். கீரைப் பாத்தியை இடுப்பளவு உயரத்தில் பலகை கட்டியோ பழைய டயரை அடுக்கியோ போட்டுக்கொள்ளலாம், நின்றபடியே நடலாம். கோயிலில் முட்டி முடியாதவர் உங்கள் அம்மா ஒருவராக மட்டும் இருக்க மாட்டார். மரம் சீவிய கால்கள் எத்தனையோ அங்கே இருக்கும். நிர்வாகத்திடம் சொல்லி, ஓரமாக ஒரு நாற்காலி என்று இல்லாமல் சந்நிதிக்கு நேராக ஒரு வரிசையே போடச் சொல்லுங்கள், அம்மாவும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து உட்காரட்டும். இதற்கு டாக்டரோ வக்கீலோ தேவையில்லை.

இந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், வலது முட்டியைப் பரிசோதிக்க அருகில் உள்ள தேதியைக் கேளுங்கள். அண்ணன் அடுத்து எப்போது லீவில் வருகிறாரோ, அந்த நாளில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா முதலில் பேசட்டும்.